தன் பாட்டுக்குத் தானே முதலாளி

1975 அக்டோபர் 27 தேதியிட்ட ‘டைம்’ இதழின் அட்டையில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். அதே தேதியிட்ட ‘நியூஸ்வீக்’ அட்டையிலும் அவர்தான். நாட்டுத் தலைவர்களும் போர்களும் இடம்பிடிக்கும் அட்டைகள் அவை. நியூஜெர்சியைச் சேர்ந்த 26 வயது ராக் பாடகர் ஒருவர் ஒரே வாரத்தில் இரண்டிலும் வந்துவிட்டார். ‘டைம்’ அவரைக் கொண்டாடியது. ‘நியூஸ்வீக்’ வேறு பாதையில் போனது. இந்தப் புகழில் பாட்டின் பங்கு எவ்வளவு, ரெக்கார்டு கம்பெனியின் விளம்பரத்தின் பங்கு எவ்வளவு என்று தோண்டிப் பார்த்தது.

அந்தக் கேள்வி மற்ற எல்லோரையும்விட அவரையே அதிகம் உறுத்தியது. அடுத்த மாதம் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் அவருடைய முதல் ஐரோப்பியக் கச்சேரி. லண்டன் ஒருவழியாக அவருக்குத் தயாராகிவிட்டது என்கிற தோரணையில் கம்பெனி அரங்கம் முழுக்க போஸ்டர் ஒட்டி வைத்திருந்தது. மேடை ஏறுவதற்கு முன் அந்தப் போஸ்டர்களைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டார் ஸ்பிரிங்ஸ்டீன்.

இரண்டு அட்டைகளில் முகம் வந்த அந்த நாளில், அவர் எழுதிய பாட்டுகள் அவர் கையில் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் படிக்காமல் போட்ட கையெழுத்து அவற்றை வேறொருவர் கைக்குக் கொண்டுபோயிருந்தது. ஸ்பிரிங்ஸ்டீனின் அரை நூற்றாண்டு இசை வாழ்க்கையை ஹிட் பாடல், விருது, நிரம்பி வழியும் ஸ்டேடியம் என்று அளப்பது சுலபம். ஆனால் எழுதியவன் கையில் பாட்டைத் தக்கவைத்துக்கொள்ள அவர் நடத்திய நீண்ட போராட்டத்தில்தான் அந்த வாழ்க்கையின் உண்மையான கதை இருக்கிறது.

*

1949 செப்டம்பர் 23 அன்று லாங் பிராஞ்சில் பிறந்தவர். வளர்ந்தது ஃப்ரீஹோல்டு என்ற சிறிய ஊரில், கம்பள ஆலையை நம்பிப் பல குடும்பங்கள் பிழைத்த இடம் அது. அப்பா டக்ளஸ் ஆலையில் வேலை பார்த்தார், டாக்ஸி ஓட்டினார், பஸ் ஓட்டினார், சிறைக் காவலராக இருந்தார். எதுவும் நிலைக்கவில்லை. அம்மா அடேல் வக்கீல் அலுவலகத்தில் செயலாளர். மாதம் தவறாமல் வந்தது அவருடைய சம்பளம்தான். 1964இல் கடன் வாங்கி, 60 டாலருக்கு ஒரு ஜப்பானிய ‘கென்ட்’ கிட்டார் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அன்றைக்கு அந்த வீட்டுக்கு அது பெரிய தொகை. பல வருடம் கழித்து ‘த விஷ்’ என்ற பாட்டில் மகன் அந்தக் கிட்டாருக்கு நன்றி சொன்னார்.

அப்பாவுக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவே இல்லை. இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, சிகரெட்டும் பீருமாக உட்கார்ந்திருக்கும் தகப்பன், தலைமுடி வளர்த்துக்கொண்டு வீட்டுக்குள் நுழையும் மகன். இந்தக் காட்சியை ஸ்பிரிங்ஸ்டீன் மேடையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ‘ராணுவத்துக்குப் போனால்தான் நீ மனுஷனாவாய்’ என்பது அப்பாவின் வழக்கமான வசவு. வியட்நாம் போருக்கான ஆள்சேர்ப்பில் மகனும் அழைக்கப்பட்டார், தேறவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் பட்ட அடியும் அதற்கு ஒரு காரணம். அஞ்சி அஞ்சி வந்து விஷயத்தைச் சொன்னபோது, ‘நல்லதாப் போச்சு’ என்ற அளவில் அப்பா பேச்சை முடித்துக்கொண்டாராம். மகனுடைய முதல் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த பையன் அதற்கு முன்பே வியட்நாமில் இறந்துபோயிருந்தான்.

1969இல் பெற்றோர் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். மகன் போகவில்லை. கடற்கரை ஊரான ஆஸ்பரி பார்க்கைச் சுற்றியே தங்கினார். கொஞ்ச காலம் குடியிருந்தது அலைச்சறுக்குப் பலகை செய்யும் ஒரு பட்டறைக்குள். இரவு எட்டு மணிக்குத் திறந்து விடியற்காலை ஐந்து வரை நடக்கும் ‘அப்ஸ்டேஜ்’ என்ற கிளப்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். ஒரே இரவில் பல மணி நேரம், ஆடக் காத்திருக்கும் கூட்டத்துக்கு முன்னால் வாசித்தாக வேண்டும். பிற்காலத்தில் மூன்று நான்கு மணி நேரம் நின்று பாடும் உடம்பு அங்கேதான் உருவானது. கச்சேரி முடிந்ததும் கிளப் முதலாளியிடம் பணத்தை வாங்கிக் குழுவினருக்குப் பிரித்துக் கொடுப்பவர் என்பதால் ‘பாஸ்’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. முதலாளி என்ற சொல்லே தனக்குப் பிடிக்காது என்று அவர் சொல்லிப் பார்த்தார். பெயர் போகவில்லை.

*

1972இல் மைக் ஆப்பெல் வந்தார். வேகமான, முரட்டுத்தனமான மேனேஜர். ஸ்பிரிங்ஸ்டீனிடம் அபாரமான திறமை இருப்பதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர். அவர் நீட்டிய ஒப்பந்தங்களில் ஸ்பிரிங்ஸ்டீன் கையெழுத்திட்டார். வக்கீல் வைத்துப் படித்துப் பார்க்கவில்லை. அந்த வயதில், வங்கிக் கணக்கே இல்லாத நிலையில், பாட்டின் பதிப்புரிமை என்றால் என்ன என்று அவருக்குச் சொல்ல ஆளும் இல்லை.

ஆப்பெலின் துணிச்சல்தான் கொலம்பியா ரெக்கார்ட்ஸின் கதவைத் திறந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. பில்லி ஹாலிடே, அரீத்தா ஃபிராங்க்ளின், பாப் டிலன் ஆகியோரை உலகுக்குக் கொண்டுவந்த ஜான் ஹாமண்டின் அறைக்குள் அந்த மே மாதம் அவர்கள் நுழைந்தார்கள். இரவல் வாங்கிய கிட்டார், அதற்கு உறைகூட இல்லை. ஸ்பிரிங்ஸ்டீன் பாடினார். ஹாமண்டுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் கொலம்பியாவுடன் ஒப்பந்தம் போட்டது ஆப்பெலின் நிறுவனம். பாடகர் அந்த நிறுவனத்தின் ஆள்.

1973இல் ஒரே வருடத்தில் இரண்டு ஆல்பம். சொற்கள் கொட்டும் பாட்டுகள், விமர்சகர்கள் பாராட்டினார்கள், விற்பனை இல்லை. மூன்றாவதும் போனால் கம்பெனி கைகழுவிவிடும் என்ற நிலை. அப்போதுதான், 1974 மே மாதம், கேம்பிரிட்ஜ் நகரில் பானி ரெய்ட்டுக்கு முன்னால் வாசிக்க வந்த ஸ்பிரிங்ஸ்டீனைக் கேட்ட விமர்சகர் ஜான் லாண்டாவ், ராக் இசையின் வருங்காலத்தையே பார்த்துவிட்டதாக எழுதினார். கம்பெனி அந்த ஒரு வாக்கியத்தை ஊரெல்லாம் விளம்பரம் செய்தது. எழுதிய லாண்டாவே பிறகு தயாரிப்பாளராகவும் மேனேஜராகவும் வந்து சேர்ந்தார்.

மூன்றாவது ஆல்பம்தான் ‘பார்ன் டு ரன்’. அதன் தலைப்புப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்யவே ஆறு மாதம். கிட்டார் மேல் கிட்டார், பியானோ, மணிகள், வயலின்கள் என்று ஒலியை அடுக்கிக்கொண்டே போனார். ‘ஜங்கிள்லேண்ட்’ பாட்டில் வரும் சாக்ஸஃபோன் பகுதிக்காக கிளாரன்ஸ் கிளெமன்ஸை 16 மணி நேரம் நிறுத்தி, துண்டு துண்டாக, சுரம் சுரமாக வாசிக்க வைத்தார். எல்லாம் முடிந்து தகட்டின் முதல் பிரதி கைக்கு வந்தபோது கேட்டுவிட்டு, தங்கியிருந்த ஹோட்டலின் நீச்சல் குளத்தில் வீசினார். கோளாறுகள் இல்லாமல் எந்தப் பாட்டும் முடியாது என்று லாண்டாவ் பேசிப் புரியவைத்த பிறகே 1975 ஆகஸ்டில் அது வெளியே வந்தது. அட்டையில், கறுப்பரான கிளெமன்ஸின் தோளில் சாய்ந்து சிரிக்கும் வெள்ளைக்கார ஸ்பிரிங்ஸ்டீன். கையில் இருக்கும் பழைய ஃபெண்டர் கிட்டார் 185 டாலருக்கு வாங்கியது. அன்றைய அமெரிக்காவில் அந்த ஒரு படம் பல மேடைப் பேச்சுகளைவிட அதிகம் சொன்னது.

புகழ் வந்ததும் கணக்கும் வந்தது. ஒப்பந்தத்தைத் திருத்தும் பேச்சு முறிந்து, 1976 ஜூலையில் வழக்கு. லாண்டாவுடன் சேர்ந்து ஸ்டுடியோவுக்குள் போகக் கூடாது என்று நீதிமன்றத் தடை. நாடே பேசிய ஒரு பாடகர், தன் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்ய முடியாமல் கிட்டத்தட்ட ஒரு வருடம் உட்கார வேண்டியதாயிற்று. ஊர் ஊராகக் கச்சேரி செய்து குழுவுக்குச் சம்பளம் கொடுத்தார். புகழின் உச்சியில் காணாமல் போனால் ரசிகர்கள் மறந்துவிடுவார்கள் என்று பலர் சொல்லியும் விட்டுக்கொடுக்கவில்லை. 1977 மே மாதம் சமரசம். ஆப்பெலுக்குப் பெரும் தொகை போனது. தன் பாட்டின் மீதான கட்டுப்பாடு ஸ்பிரிங்ஸ்டீனுக்குத் திரும்பியது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1999இல் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் சேர்க்கப்பட்ட மேடையில், ஆப்பெலின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார் ஸ்பிரிங்ஸ்டீன். நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற மனிதருக்கு அந்த மரியாதையைக் கொடுக்கப் பெரிய மனசு வேண்டும்.

வழக்குக் காலத்தில் எழுதிய பாட்டுகள் பல டஜன். அவற்றிலிருந்து பத்து மட்டும் 1978இல் ‘டார்க்னஸ் ஆன் த எட்ஜ் ஆஃப் டவுன்’ ஆனது. முந்தைய ஆல்பத்தில் ஊரை விட்டு ஓடிய இளைஞர்கள் இதில் ஊரிலேயே நின்று ஆலைக்குப் போகிறார்கள். தன் தகப்பனின் வாழ்க்கையை அவர் முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தது இங்கேதான். ஹிட் ஆகக்கூடிய பாட்டுகளை இந்தத் தொனிக்கு ஒட்டவில்லை என்று மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார். ‘பிகாஸ் த நைட்’ பேட்டி ஸ்மித்துக்கு வாழ்க்கையின் மிகப் பெரிய ஹிட் ஆனது. ‘ஃபயர்’ பாயின்டர் சிஸ்டர்ஸை இரண்டாம் இடம் வரை கொண்டுபோனது. அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த அவருடைய ஒரே பாட்டு ‘பிளைண்டட் பை த லைட்’. அதையும் பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோனது மான்ஃப்ரெட் மான் குழு. தனிப் பாடகராக அவர் எட்டிய உச்சம் இரண்டாம் இடம்தான்.

*

1980இல் ‘த ரிவர்’ ஆல்பம் முதலிடம் பிடித்தது. எல்லோரும் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். அவர் செய்தது யாரும் நினைக்காத காரியம்.

1982 ஜனவரி. நியூஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் வாடகை வீட்டுப் படுக்கையறை. மேசையில், நான்கு தடங்களில் பதிவு செய்யும் சிறிய டியாக் கேசட் இயந்திரம். இரண்டு மைக். ஒரு மர நாற்காலி. கிட்டார்களைப் பராமரிக்கும் உதவியாளர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் அதைப் பற்றி அதிகம் தெரியாது. குரலும் கிட்டாரும் முதல் இரண்டு தடங்களில், மவுத் ஆர்கனும் இன்னொரு குரலும் மீதித் தடங்களில். எதிரொலிக்கு ஒரு பழைய எக்கோபிளெக்ஸ் பெட்டி. எல்லாவற்றையும் சேர்த்து இறக்கியது பானசோனிக் கேசட் பிளேயர் ஒன்றில். அந்த பிளேயர் ஒருமுறை ஆற்றுத் தண்ணீரில் விழுந்து செத்து, பிறகு தானாகவே உயிர்பெற்றது. பெரும்பாலான பாட்டுகள் ஒரே நாளில் முடிந்தன. இது ஆல்பத்துக்கான பதிவே அல்ல, பாட்டுகளைக் குழுவுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கான மாதிரி. உறைகூட இல்லாமல் அந்த கேசட் வாரக்கணக்கில் அவர் சட்டைப்பையில் கிடந்தது.

குழு ஸ்டுடியோவில் அதே பாட்டுகளை முழு வாத்தியங்களோடு வாசித்துப் பார்த்தது. சத்தம் கூடியது, பாட்டில் இருந்த ஆட்கள் காணாமல் போனார்கள். வேலை போய் இரவில் துப்பாக்கி எடுத்தவன், குற்றவாளித் தம்பியைத் தப்பவிடும் போலீஸ்காரன், 1958இல் நெப்ராஸ்காவில் வரிசையாகக் கொலை செய்த இளைஞன். இவர்கள் மெதுவாகப் பேசினால்தான் கேட்பவர் நம்புவார். கடைசியில் சட்டைப்பையில் கிடந்த அந்த கேசட்டையே தகடாக்குவது என்று முடிவானது. ஒலி அவ்வளவு பலவீனமாக இருந்ததால் அதைத் தகட்டில் ஏற்றவே தொழில்நுட்பக்காரர்கள் திண்டாடினார்கள். ‘நெப்ராஸ்கா’ அந்த செப்டம்பரில் வந்தது. பேட்டி இல்லை, சுற்றுப்பயணம் இல்லை. அப்படியும் அமெரிக்காவில் மூன்றாம் இடம் வரை போனது. ஒரு பாட்டுக்கு ஆறு மாதம் செலவழித்த அதே மனிதர், ஒரே நாளில் பதிவானதைத் தொடாமல் விட்டார். எங்கே தொடர வேண்டும், எங்கே கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. அவருடைய ஆல்பங்களிலேயே மிகச் சிறந்தது இதுதான். வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்யும் இன்றைய தலைமுறை இதைத்தான் தன் மூல நூலாக வைத்திருக்கிறது. 2025இல் ஸ்காட் கூப்பர் இயக்கத்தில் ஜெரெமி ஆலன் வொயிட் நடித்து வந்த ஸ்பிரிங்ஸ்டீன் படம்கூட ஸ்டேடியங்களை விட்டுவிட்டு இந்தப் படுக்கையறையைத்தான் எடுத்துக்கொண்டது.

அந்த ஆல்பத்தை முடித்த கையோடு அவர் மனச்சோர்வில் விழுந்தார். காரில் நாட்டின் குறுக்கே போகும் வழியில், டெக்சாஸில் ஒரு சின்ன ஊர்த் திருவிழாவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ உடைந்தது. லாண்டாவின் வற்புறுத்தலில் மனநல சிகிச்சைக்குப் போனார். 2016இல் வெளியிட்ட சுயசரிதையில், அறுபது வயதைக் கடந்த பிறகும் அந்த நோய் திரும்பத் திரும்ப வந்ததையும் மருந்து எடுத்துக்கொண்டதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். உடல்வலுவுக்குப் பேர்போன ஒரு ராக் நட்சத்திரம் இதைப் பேசியது பல ரசிகர்களுக்கு அவருடைய எந்தப் பாட்டையும்விடப் பெரிய உதவி.

*

படுக்கையறைப் பாட்டுகளில் ஒன்று அந்தத் தொகுப்பில் சேராமல் வெளியே நின்றது. அதுதான் ‘பார்ன் இன் த யு.எஸ்.ஏ.’. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கு ஊரில் வேலை இல்லை, கேட்பாரும் இல்லை. 1981 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் வியட்நாம் வீரர்களின் அமைப்புக்காக அவர் நடத்திய நிதிக் கச்சேரியிலிருந்து கிளைத்த கோபம் அது. குழுவோடு பதிவானபோது டிரம்ஸ் இடித்தது, கோரஸ் வானைப் பிளந்தது. 1984 ஜூனில் வந்த அதே பெயர் கொண்ட ஆல்பத்திலிருந்து ஏழு பாட்டுகள் முதல் பத்துக்குள் போயின. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றது. அமெரிக்காவில் முதன்முதலில் தயாரான காம்பாக்ட் டிஸ்க்கும் இதுதான்.

ஆனால் கோரஸை மட்டும் கேட்டவர்கள் அதைத் தேசபக்திப் பாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். தேர்தல் பிரசாரத்துக்காக நியூஜெர்சியின் ஹாமன்டனுக்கு வந்த ஜனாதிபதி ரீகன், அமெரிக்காவின் நம்பிக்கை ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டுகளில் இருக்கிறது என்று பேசினார். சில நாளில் பிட்ஸ்பர்க் மேடையில், ஜனாதிபதி தன் எந்த ஆல்பத்தைக் கேட்டிருப்பார் என்று கேள்வி எழுப்பிவிட்டு, வேலையிழந்து கொலைகாரனான ஒருவனைப் பற்றிய ‘ஜானி 99’ பாட்டைப் பாடினார் ஸ்பிரிங்ஸ்டீன். ‘பார்ன் இன் த யு.எஸ்.ஏ.’ பாட்டை விளம்பரத்துக்குக் கேட்டு கிரைஸ்லர் கார் கம்பெனி பெரும் தொகையோடு வந்தது. மறுத்தார். அதே சுற்றுப்பயணத்தில் போன ஊர்களிலெல்லாம் உணவு வங்கிகளுக்கும் வேலையிழந்த எஃகுத் தொழிலாளர்களுக்கும் பணம் கொடுத்தார்.

இந்தத் தவறான புரிதலில் அவருக்கும் பங்கு உண்டு. அட்டையில் கொடிக் கோடுகளைப் போட்டவர், கோரஸைக் கொண்டாட்டம்போல் அமைத்தவர் அவரே. பிற்காலத்தில் அதே பாட்டைத் தனிக் கிட்டாரில், கோரஸை அடக்கி, மெதுவாகப் பாடிக் காட்டினார். பாட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுக்கும் முயற்சி அது.

1988 ஜூலையில் கிழக்கு பெர்லினிலும் இதே சிக்கல். நிகராகுவா ஆதரவுக் கச்சேரி என்று அவரைக் கேட்காமலே அமைப்பாளர்கள் விளம்பரம் செய்திருந்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்துக்கு முன்னால் ஜெர்மன் மொழியில் எழுதி வைத்துப் படித்தார். எந்த அரசுக்கும் ஆதரவாகவோ எதிராகவோ தான் வரவில்லை என்றும், ஒருநாள் எல்லாத் தடைகளும் விழும் என்ற நம்பிக்கையில் பாட வந்ததாகவும் சொன்னார். பதினாறு மாதத்தில் பெர்லின் சுவர் விழுந்தது. அதே 1988 செப்டம்பர் 30 அன்று அவர் டெல்லி நேரு ஸ்டேடியத்தில் பாடினார். ஆம்னஸ்டி இன்டர்நேஷனலின் மனித உரிமைச் சுற்றுப்பயணம் அது. ஸ்டிங், பீட்டர் கேப்ரியேல், டிரேசி சாப்மன், யூசு என்டூர் ஆகியோரும் உடன் வந்தார்கள்.

*

தொண்ணூறுகள் தடுமாற்றம். 1989இல், தன்னோடு வாசித்துவந்த இ ஸ்ட்ரீட் குழுவைக் கலைத்தார். 1992இல் ஒரே நாளில் வெளியிட்ட இரண்டு ஆல்பங்களும் எடுபடவில்லை. எய்ட்ஸ் நோயாளியின் கதையான ‘பிலடெல்ஃபியா’ படத்துக்கு எழுதிய பாட்டு மட்டும் ஆஸ்கர் வாங்கியது. 1999இல் குழு மீண்டும் கூடியது. அடுத்த வருடம், நியூயார்க் போலீஸார் 41 முறை சுட்டுக் கொன்ற அமாடு டியாலோவைப் பற்றிப் பாடினார். போலீஸ் சங்கம் அவருடைய கச்சேரிகளைப் புறக்கணிக்கச் சொன்னது. பாட்டை அவர் விடவில்லை.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் செய்தித்தாள்களில் வந்த அஞ்சலிக் குறிப்புகளில், இறந்தவர் ஸ்பிரிங்ஸ்டீன் ரசிகர் என்ற வரி அடிக்கடி வந்தது. அவர் சில குடும்பங்களுக்குத் தானே போன் செய்து பேசினார். அந்தப் பேச்சுகளின் நிழல் 2002இல் வந்த ‘த ரைசிங்’ ஆல்பத்தில் விழுந்திருக்கிறது. மாடிப்படி ஏறிப்போன தீயணைப்பு வீரர் அதில் வருகிறார், வீட்டில் காலியான படுக்கைப் பக்கமும் வருகிறது. கொடி அசைக்கும் பாட்டு ஒன்றுகூட இல்லை.

2008இல் ஆர்கன் வாசித்த டேனி ஃபெடரிசி இறந்தார், 2011இல் கிளெமன்ஸ். சாக்ஸஃபோனை கிளெமன்ஸின் சகோதரர் மகன் ஜேக் எடுத்துக்கொண்டார். 2012 ஜூலை 31, ஹெல்சின்கியில் நான்கு மணி நேரம் ஆறு நிமிடம் பாடினார் ஸ்பிரிங்ஸ்டீன். வயது அப்போது 62. 2017 முதல் பிராட்வே அரங்கில் தனியாக நின்று 200க்கும் மேற்பட்ட காட்சிகள். ஆலைக்குள் ஒருநாளும் வேலை பார்க்காமலே ஆலைத் தொழிலாளியைப் பாடியவன் தான் என்று அந்த மேடையில் வெளிப்படையாகச் சொன்னார். அப்பாவின் குரலைத் தேடித்தான் அப்பாவின் உடையைப் போட்டுக்கொண்டேன் என்றார்.

2021 டிசம்பரில் தன் பதிவுகளையும் பாட்டுகளின் உரிமையையும் சோனி நிறுவனத்துக்கு விற்றார். தொகை ஏறத்தாழ 50 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. தனி இசைக்கலைஞர் ஒருவருக்கு அதுவரை கிடைத்ததிலேயே மிகப் பெரிய தொகை. போராடி மீட்டதைக் கடைசியில் விற்றுவிட்டாரே என்று சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமல்ல. படிக்காமல் கையெழுத்துப் போட்டு இழப்பதும், எழுபது வயதில் எண்ணிப் பார்த்து விற்பதும் ஒன்றாகாது.

ஆனால் 2022இல் டிக்கெட் விற்பனையில் நடந்ததை அப்படி விட முடியாது. தேவைக்கேற்ப விலை ஏறும் முறையில் சில இருக்கைகள் ஐயாயிரம் டாலர் வரை போயின. கறுப்புச் சந்தைக்காரனுக்குப் போகும் லாபம் கலைஞனுக்கு வரட்டுமே என்பது அவர் தரப்பு விளக்கம். 1980 முதல் அவருக்காகவே நடந்துவந்த ‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’ ரசிகர் இதழ் இதில் மனம் நொந்து 2023இல் மூடப்பட்டது. வேலையிழந்தவனின் கதையைப் பாடியே வளர்ந்தவர், அவனால் வாங்க முடியாத விலைக்குத் தன் கச்சேரியை விற்றது பிழை. அவருடைய நீண்ட வாழ்க்கையில் ரசிகர்களை இந்த அளவுக்குக் காயப்படுத்திய முடிவு வேறு இல்லை.

எழுதுவது நிற்கவில்லை. 2025 ஜூனில், பதிவு செய்து வெளியிடாமல் வைத்திருந்த ஏழு முழு ஆல்பங்களை ஒரே பெட்டியில் வெளியிட்டார். மொத்தம் 83 பாட்டுகள்.

ஸ்பிரிங்ஸ்டீனை இதுவரை கேட்டதில்லை என்றால் ‘பார்ன் டு ரன்’ ஆல்பத்தில் தொடங்குங்கள், நாற்பது நிமிடம்தான். அடுத்து ‘நெப்ராஸ்கா’. ‘பார்ன் இன் த யு.எஸ்.ஏ.’ பாட்டுக்கு வரும்போது மட்டும் வரிகளை முதலில் முழுதாகப் படித்துவிடுங்கள், சத்தத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.